இருக்கைக்குப் பின்னால் ஓர் எஞ்சின்



எங்கள் அத்தாவின் மௌத்துக்குப் பின் அவர் விட்டுச் சென்றவற்றைப் பங்கிட்டபோது, கொட்டகையில் கிடந்த வண்டியை எங்களில் எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதை ஒரு பொருளாகவே நாங்கள் கருதவில்லை. இரண்டரை ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளம்தான் அதை நினைவூட்டியது. அந்த வண்டியைப் பற்றியும், அதனோடு சேர்ந்து வெளிவந்த ஒரு கடனைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறோம். நாங்கள் என்பது இரு சகோதரர்களும் ஒரு சகோதரியும்.

பள்ளிக்கரணையில் குடியிருப்போருக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலத்தின் விளிம்பில் வீடு கட்டியவர்கள் நாம். சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் நம் வாசலில் நிற்கும். 2015 டிசம்பரில் எங்கள் கொட்டகைக்குள் ஓர் அடித் தண்ணீர் நின்றது. அதன் பிறகு அத்தா அந்த வண்டியை இரும்புத் தாங்கிகளின் மேல் ஏற்றி வைத்தார்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் தாங்கிகளும் போதவில்லை. தெருவில் படகு ஓடிற்று. நான்காம் நாள் தண்ணீர் வடிந்த பின் தார்ப்பாயை விலக்கினோம். இருக்கை வரை சேறு படிந்திருந்தது.

அது என்ன வண்டி என்பதைச் சொல்லிவிடுகிறோம். இடுப்பளவு உயரம்கூட இல்லாத, இருவர் மட்டும் அமரக்கூடிய, அத்தா தம் கையால் கட்டிய விளையாட்டுக் கார் அது. அதன் எஞ்சின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்பாக இருக்கிறது. பந்தயக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. காரணம் எளிது. தோளில் தண்டு வைத்து அதன் இரு நுனியிலும் தண்ணீர்க் குடம் தொங்கவிட்டு நடப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. அதே குடத்தை இடுப்பில் வைத்திருப்பவர் எளிதாகத் திரும்பிவிடுவார். வண்டியிலும் கனமான பாகம் நடுவை ஒட்டி இருந்தால் வளைவில் விரைந்து திரும்பும். கனம் பின்சக்கரங்களின் மேல் அழுந்துவதால் சாலைப் பிடிப்பும் கூடும்.

இது நம் வீடுகளுக்கு அந்நியமான ஏற்பாடும் அன்று. குடும்பத்தோடு கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் போய் வந்த மாருதி ஆம்னியில் எஞ்சின் எங்கே இருந்தது? முன்னிருக்கைக்கு அடியில். சக்கரங்களுக்கு இடையில் எஞ்சினை வைத்த வண்டிதான் அதுவும். அத்தா இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அத்தா கிண்டியில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர்கள். எண்பதுகளில் சோழவரத்தில் பந்தயம் நடக்கும் நாட்களில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையான அந்த இடத்துக்குப் பேருந்தில் போய், வெயிலில் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். ஓட்டுநர்களைக் காட்டிலும் வண்டிகளையே பார்த்ததாகச் சொல்வார்கள். அவர்கள் மிகவும் மதித்த பெயர் கோயம்புத்தூர் கரிவர்தன். நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்த அவர், எண்பதுகளின் இறுதியில், சாதாரண மாருதி 800இன் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டு வண்டி வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது வாசலைத் திறந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் ஓட்டியது அந்த வண்டியைத்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்குக் கிடைக்கும் எளிய பாகத்தைக் கொண்டே செய்ய முடியும் என்பதை அவரிடமிருந்துதான் அறிந்ததாக அத்தா சொல்வார்கள். உலகெங்கும் இந்த வழி உண்டு. 1972இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9, 1984இல் வந்த டொயோட்டா எம்.ஆர்.2 ஆகியவையும் முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரணக் காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பின்னால் கொண்டுபோய் வைத்துச் செய்யப்பட்டவையே. 2023 ஜனவரியில் காபூலில் ஆப்கானிய இளம் பொறியாளர்கள் ‘மடா 9’ என்ற காரைக் காட்டியபோது, அதனுள்ளும் டொயோட்டா கொரோலாவின் எஞ்சினே இருந்தது.

அத்தா 2006இல், விபத்தில் முகப்பு நொறுங்கிய ஒரு பழைய மாருதி 800ஐ வாங்கினார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் உள்ள எஞ்சின். அதன் பதிவுச் சான்றை முறைப்படி ஒப்படைத்து ரத்துச் செய்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள். எஞ்சின், கியர் பெட்டி, இரு டிரைவ் ஷாஃப்டுகள், முன்சக்கர அமைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கழற்றி, திசை மாற்றாமல் அப்படியே பின்னால் கொண்டுபோனார்கள். முன்பின்னாகத் திருப்பி வைத்தால் நான்கு கியரும் பின்னோக்கி ஓடும். ரிவர்ஸ் மட்டும் முன்னோக்கிப் போகும். ஸ்டியரிங்கோடு திரும்பப் பழகிய அந்தச் சக்கரங்கள் இனித் திரும்பக் கூடாது என்பதற்காக, டை ராடுகளைச் சட்டத்தோடு அசையாமல் பூட்டினார்கள். முன்பக்கத்துக்கு வேறொரு 800இன் முன்சக்கர அமைப்பைப் புதுப்பேட்டையில் வாங்கினார்கள். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருப்பதால், தரைக்கு அடியில் நீளமான குழாய்கள் ஓடின. அக்குழாய்களில் காற்றடைப்பு நேராமல் செய்யவே இரண்டு மாதம் ஆயிற்று. இவ்வளவும் இஷாவுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தவை. இரவில் கைவிளக்கைப் பிடித்து நின்றவள் எங்கள் சகோதரி. ஆண்பிள்ளைகளான இருவரும் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அத்தாவை அல்லாஹ் தன்னளவில் அழைத்துக்கொண்டான். அந்நாட்களில் ஜனாஸாக்கள் எப்படி நடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். இறந்தவருக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் வாரிசுகளை அணுகலாம் என்று ஜனாஸாத் தொழுகைக்கு முன் அறிவிப்பது நம் வழக்கம். நாங்களும் அறிவித்தோம். கேட்பதற்கு அங்கே எட்டுப் பேர்தான் இருந்தார்கள். பிறகு வீட்டையும் வங்கியிலிருந்த சிறு தொகையையும், அம்மாவுக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் ஆண்களுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றும் என்ற கணக்கில் பங்கிட்டோம். கடனைத் தீர்த்த பின்னரே பங்கு என்பதை அறிந்தேதான் பங்கிட்டோம். கடன் ஏதுமில்லை என்று நம்பினோம்.

வெள்ளம் வடிந்த பின், கொட்டகையின் உச்சித் தட்டில் நனையாமல் தப்பிய ஒரு தகரப் பெட்டியைத் திறந்தோம். அதனுள் அத்தாவின் நோட்டுப் புத்தகம் இருந்தது. வாங்கிய ஒவ்வொரு போல்ட்டும், அதன் விலையும், சட்டத்தின் ஒவ்வொரு குழாயின் நீளமும் அதில் எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: வெல்டருக்குத் தர வேண்டியது ரூ. 18,400. அதன் கீழே, 2016ஆம் ஆண்டுத் தேதியிட்டு, “பட்டறை வெள்ளத்தில் போனபின் ஊருக்குப் போய்விட்டார். செய்யூர்ப் பக்கம் என்கிறார்கள். தேட வேண்டும்” என்று எழுதியிருந்தார்கள்.

அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அக்கடனுக்கு ஒரு தோழர் பொறுப்பேற்ற பிறகே நபி (ஸல்) அவர்கள் தொழ வைத்தார்கள் என்ற செய்தியைச் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். எங்கள் அத்தா இரண்டரை ஆண்டுகளாகக் கபுரில் இருக்கிறார்கள். நாங்களோ தர வேண்டியதைத் தராமல் பங்கை எடுத்துக்கொண்டு இருக்கிறோம். தொகை சிறியது என்பது எங்களுக்கு ஆறுதல் தரவில்லை.

முதலில் எளிய வழியை நினைத்தோம். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, எடைக்கணக்கில் பதினாறாயிரம் தருவதாகச் சொன்னார். மீதியைக் கையிலிருந்து போட்டால் கடனும் தீரும், கொட்டகையும் காலியாகும். சகோதரர்கள் இருவரும் சம்மதித்துவிட்டோம். சகோதரி மட்டும் மறுத்தாள். “இதுல எனக்கும் பங்கு இருக்கு. என்னைக் கேக்காம எப்படி விலை பேசினீங்க?” என்றாள். அவள் கேட்டது நியாயம். கணக்கில் சேர்க்காமல் விட்ட பொருளானாலும் அது நால்வருக்கும் உரியது. நாற்பது பங்கில் அம்மாவுக்கு ஐந்து, சகோதரர்களுக்குத் தலா பதினான்கு, அவளுக்கு ஏழு. கடனையும் அதே விகிதத்தில் சுமக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார்கள். அம்மா 2,300, சகோதரர்கள் தலா 6,440, சகோதரி 3,220 என ஏற்கெனவே பெற்ற பங்கிலிருந்து திருப்பி எடுத்து வைத்தோம். வண்டியை விற்பதில்லை என்று முடிவாயிற்று.

வெல்டரைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அவரிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர் மேடவாக்கத்தில் இருப்பதாகக் கேஸ் சிலிண்டர் கடையில் சொன்னார்கள். அவர் வழியாகச் செய்யூருக்கு அருகே ஒரு கிராமத்தைச் சென்றடைந்தோம். எழுபது வயதை நெருங்கிய அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். பணத்தை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார்.

“இது எதுக்குத் தம்பி? பாய் எனக்கு ஒண்ணும் பாக்கி வெக்கலியே.”

எஞ்சினைத் தாங்கும் பின்சட்டத்தை நான்கு முறை அறுத்து மீண்டும் பற்றவைத்த வேலைக்கான கூலி என்று நோட்டில் இருப்பதைச் சொன்னோம். அவர் முகம் சுருங்கிற்று.

“அதுக்கு நான் கூலியே கேக்கலப்பா. சக்கரம் கோணலா நின்னுச்சு. என் வெல்டு இழுத்துக்கிச்சுன்னு நெனச்சேன். தப்பு என்னுது, அதுக்கு எப்படிக் காசு கேக்கறது?”

பற்றவைக்கும் சூட்டில் குழாய் வளைந்து அளவு மாறுவது உண்டு. அதைத்தான் அவர் சொன்னார். எங்கள் சகோதரி நோட்டைப் புரட்டி, அந்த வேலையின் பக்கத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். அத்தா எழுதியிருந்தது இவ்வளவுதான்: “வெல்டு சரி. இடது குழாய் 6 மி.மீ. குறைவு. அளந்தது என் தவறு. நான்கு முறை வேலைக்கும் கூலி தர வேண்டும்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பத்து வருஷமா அது என் தப்புன்னுதாம்மா நெனச்சிட்டிருந்தேன்” என்றார். பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். “அவர் எழுதி வெச்சிருந்தா அது கணக்கு” என்றார்.

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசச் சட்டையின் கண்ணிகளை அளவறிந்து கோக்குமாறு அவர்கள் ஏவப்பட்டதையும் ஸபா அத்தியாயத்தில் ஓதியிருக்கிறோம். அளவு என்பதை அதுவரை இரும்பின் நீள அகலமாகவே நாங்கள் புரிந்துவைத்திருந்தோம். யார் மீது எவ்வளவு தவறு என்பதையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதலாம் என்பதை அந்தத் திண்ணையில் அறிந்தோம்.

அதன் பிறகுதான் வண்டியைச் சீரமைக்கத் தொடங்கினோம். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை உடனே முடுக்கிப் பார்க்கக் கூடாது. தண்ணீரைக் காற்றைப் போல் அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியை அகற்றிய கையோடு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி வைத்ததை மட்டும் முதல் வாரத்திலேயே சகோதரி செய்திருந்தாள். கீழே வடித்த ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் முழுதாகப் பிரிக்கப்பட்டன. சக்கர பேரிங்குகள், பிரேக் சிலிண்டர்கள், வயரிங் அனைத்தும் புதிதாக மாறின. வயரிங்கை அவளே தன் கையால் இழுத்தாள். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

எல்லாவற்றிலும் கடினமானது சட்டம். குழாயின் வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் மாதக்கணக்கில் நின்று அரிக்கும். வெல்டர் ஐயா தாமாகவே பள்ளிக்கரணைக்கு வந்து, ஒவ்வொரு குழாயையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்டார். நல்ல குழாய் கணீரென்று ஒலித்தது. இருக்கைக்கு அடியில், சீட் பெல்ட் பிணைக்கப்படும் இடத்தில் ஒரு குழாய் மங்கிய ஒலி எழுப்பிற்று. அறுத்துப் பார்த்தபோது உட்சுவர் காகிதம் போல் மெலிந்திருந்தது. விபத்து நேரும் கணத்தில் ஓட்டுநரைப் பிடித்து வைக்க வேண்டிய குழாய் அது. மாற்றினோம். தண்ணீர் புகுந்தாலும் தேங்காதபடி, எங்கெங்கே துளையிட்டால் பலம் குறையாது என்று அவர் குறித்துக் கொடுத்த இடங்களில் சிறு வடிதுளைகள் இட்டோம். இம்முறை அவர் சொன்ன கூலியை அன்றே கொடுத்தோம்.

வண்டி உயிர் பெறத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் எழுந்தது. சகோதரியின் மகனுக்கு வயது பத்தொன்பது. தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். நள்ளிரவில் ஈ.சி.ஆரில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். பழைய 800இன் எண் பலகையை மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று அவன் நண்பர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நம் நாட்டில் வீட்டில் கட்டிய கார் சாலையில் ஓடுவது எளிதன்று. புதிய மாதிரி வாகனம் புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களின் சான்று பெற வேண்டும். உள்ள வாகனத்தைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இல்லாத ஒரு வண்டியின் எண்ணை மாட்டுவது பொய். அந்தப் பொய்யை வேண்டாம் என்றுதான் அவன் பாட்டனார் முதல் நாளே பதிவை ரத்துச் செய்தார்கள். வண்டியின் இயல்பும் அச்சம் தருவது. எஞ்சின் நடுவிலுள்ள வண்டி வளைவில் எளிதாகத் திரும்புவது போலவே, பிடி தவறினாலும் எளிதாகச் சுழன்றுவிடும். திருத்திக்கொள்ள அவகாசம் தராது. சாலையில் எதிரே வருபவர் நம் ஆசைக்கு எந்த விதத்திலும் பொறுப்பாளி அல்லர்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பியிருந்தால், சாவியைத் தேடி அவன் இரவில் வந்திருப்பான் என்றே நினைக்கிறோம். ஆகவே வேறொரு வாசலைக் காட்டினோம். பொறியியல் மாணவர்கள் தாங்களே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டிப் போட்டியிடும் ‘ஃபார்முலா பாரத்’ என்ற போட்டி, கோவையில் அதே கரிவர்தன் பெயர் தாங்கிய தளத்தில் நடக்கிறது. அங்கே வேகத்துக்கு முன் சோதனை. வண்டியை 60 பாகை சாய்த்து நிறுத்துவார்கள். எரிபொருளோ எண்ணெயோ ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது. ஓடும் வண்டியில் பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தேறாத வண்டி தளத்துக்குள் நுழைய முடியாது. நம் சமூகத்தின் அக்பர் இப்ராஹிம் ஃபார்முலா மாருதி காலத்தில் பந்தய வீரராக இருந்து, பின்னர் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகவும் உயர்ந்தவர். இளம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவர். ஒழுங்கான பாதையில் நுழைந்து முன்னேற முடியும் என்பதற்கு அவரை உதாரணம் காட்டினோம். மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு மாதம் இருந்தான். பிறகு, அத்தாவின் நோட்டைப் படி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். இப்போது கல்லூரி அணியில் பிரேக் பிரிவில் இருக்கிறான்.

வண்டி முதன்முதலாக ஓடியது, தெரிந்தவர் ஒருவரின் கிடங்கு வளாகத்தில், ஓர் அஸருக்குப் பிறகு. சாவியைத் திருப்பியவள் சகோதரி. தரையை நனைத்து, மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்து, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்த்தோம். பின்சக்கரம் முதலில் பூட்டக் கூடாது. பூட்டினால் வால் சுழன்றுவிடும் என்று நோட்டில் இருந்தது. முன்சக்கரங்களே முதலில் நின்றன. அத்தா வைத்த அளவு பத்தாண்டுக்குப் பின்னும் சரியாகவே இருந்தது. அம்மா ஒரு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினை அணைத்ததும் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: “அந்த நோட்டுல கடன் அடஞ்சதுன்னு எழுதினீங்களா?”

எழுதியிருக்கவில்லை. அன்று மஃரிபுக்குப் பிறகு, அத்தாவின் கையெழுத்துக்குக் கீழே தேதியிட்டு, “ரூ. 18,400 கொடுக்கப்பட்டது” என்று எழுதி, அம்மாவும் நாங்களுமாக நால்வரும் கையொப்பமிட்டோம்.

வாசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய கணக்குப் புத்தகத்தை உடன் அமர்ந்து படியுங்கள். அவர்கள் போய்விட்டிருந்தால், பங்கிடும் முன் அலமாரியையும் பரணையும் கொட்டகையையும் திறந்து பாருங்கள். நமக்குப் பழைய இரும்பாகத் தெரிவதற்குள் பிறருடைய உரிமை ஒன்று எழுதப்பட்டிருக்கலாம்.

எங்கள் அத்தாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபுரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக நம்மில் எவரையும் அவன் அழைத்துக்கொள்ளாதிருப்பானாக. ஆமீன்.